அழுகை வேறே, விவரம் வேறே

பேங்குக்குக் கடிதம் என்றாலே நம்மில் பலர் மனக்குறையையெல்லாம் கொட்டி விடுகிறோம். என் நாத்தனாருக்கு 3 மாதமாகக் குடும்பப் பென்ஷன் வரவில்லை. இரண்டு பக்கம் உருகி எழுதியிருந்தாள். "பதிலே வரலே அண்ணி" என்று கண்ணைக் கசக்கினாள்.

"அழுகையை எங்கிட்டே சொல்லு. அவங்களுக்கு விவரத்தைச் சொல்லு" என்றேன்.

கணக்கு எண், பென்ஷன் ஆர்டர் எண், வராத மாதங்கள், தொகை, நமக்கு என்ன வேண்டும் - இவ்வளவே. பெயரும் இனிஷியலும் பாஸ்புக்கில் உள்ளபடியே. நகலில் தேதி முத்திரையும் வாங்கினோம்.

நவம்பரில் தந்த லைஃப் சர்டிபிகேட் பதிவாகவில்லையாம்! பாக்கி மொத்தமும் வந்து சேர்ந்தது.

30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம். அதற்கு அந்த நகல்தான் சாட்சி, சகோதரிகளே. பத்திரமாக வையுங்கள்!