ஹம்பி: தேர் இலவசம், வழிதான் செலவு

டிசம்பர் வந்தால் ஹம்பியில் பள்ளிச் சீருடைகளின் கூட்டம். கர்நாடகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் சுற்றுலா பஸ்கள் வந்து நிற்கின்றன. விட்டலர் கோயிலின் கல் தேர் அருகே ஆசிரியர்கள் தலைகளை எண்ணுகிறார்கள்.

15 வயதுக்கு உட்பட்டவர்களிடம் தொல்லியல் துறை நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. பணம் கரைவது வழியில்தான். பெங்களூரிலிருந்து சுமார் 340 கி.மீ. பஸ் வாடகை, இரவுத் தங்கல், சாப்பாடு எல்லாவற்றையும் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சிலர் விலகினால் மற்றவர்களின் பங்கு ஏறும். எனவே பெயர் கொடுக்கச் சொல்லி ஆசிரியரும் விடாமல் கேட்பார். இரண்டு பிள்ளைகள் படிக்கும் கூலிக்காரர் வீட்டில் ஒன்று போனால் இன்னொன்று நிற்க வேண்டியதுதான்.

2017ல் வெளியான 50 ரூபாய் நோட்டின் பின்புறம் இருப்பது இதே தேர். நின்றுபோன பிள்ளை அதில் பார்த்துக்கொள்ளலாம், நோட்டு வீட்டில் தங்கினால்.