ஹான்ஃபோர்டின் பி உலை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் நிற்கிறது பி உலை. புளூட்டோனியம் தயாரிக்கவென்றே முழு அளவில் கட்டப்பட்ட உலகின் முதல் அணு உலை.

உள்ளே நுழைந்ததும் கண்ணை நிறைப்பது உலையின் முகப்புதான். சுமார் 11 மீட்டர் உயரச் சுவரில் வரிசை வரிசையாக 2,004 குழாய் வாய்கள். பின்னால் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க 1,200 டன் கிராஃபைட் கட்டிகள். அலுமினிய உறையிட்ட, சாண் நீள யுரேனியத் துண்டுகளை முன்பக்கம் தள்ளுவார்கள். காலம் முடிந்தவை பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியில் விழும். அதற்குள் யுரேனியத்தில் மிகச் சிறு பங்கு நியூட்ரானை விழுங்கிப் புளூட்டோனியமாக மாறியிருக்கும். சூட்டைத் தணிக்க நிமிடத்துக்குச் சுமார் 2,80,000 லிட்டர் ஆற்று நீர் குழாய்களில் பாய்ந்தது.

1942 டிசம்பரில் சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மி இயக்கிய முதல் உலை தந்தது அதிகபட்சம் 200 வாட். பி உலைக்கு வைத்த இலக்கு 250 மெகாவாட். இரண்டே ஆண்டுக்குள் எடுத்த இந்தப் பாய்ச்சல் இன்றும் திகைக்க வைக்கிறது.

1944 செப்டம்பர் இறுதியில் உலை ஓடத் தொடங்கியது. சில மணி நேரம்தான்; சக்தி தானாகக் குறைந்து, உலை அணைந்தே போனது. மறுநாள் தானாக உயிர்பெற்று, மறுபடி படுத்தது. இயற்பியலாளர் ஜான் வீலர் மணிக்கணக்கை வைத்தே குற்றவாளியைப் பிடித்தார்: அணுப் பிளவில் உண்டாகி, நியூட்ரான்களைக் குடித்துத் தீர்க்கும் செனான்-135. சுமார் 9 மணி நேரத்தில் அது பாதியாகச் சிதைவதால்தான் உலை மீண்டும் விழித்தது.

மருந்து ஏற்கெனவே கட்டடத்துக்குள் இருந்தது. விஞ்ஞானிகள் கணக்கிட்டது 1,500 குழாய்கள். கட்டுமானத்தை ஏற்ற டூபாண்ட் நிறுவனத்தின் பொறியாளர்களோ, எதற்கும் இருக்கட்டும் என்று மேலும் 504 வைத்திருந்தார்கள். வீண் செலவு என்று அப்போது முணுமுணுப்பும் எழுந்தது. அந்தக் குழாய்களையும் யுரேனியத்தால் நிரப்பியதும் செனானை மீறி உலை ஓடியது. இங்கே மேதைமைக்கு நிகராக நிற்பது அந்தப் பொறியாளர்களின் முன்ஜாக்கிரதை என்பேன்.

ஆனால் அது காப்பாற்றியது எதை? 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் வெடித்தது ஹான்ஃபோர்டு புளூட்டோனியம். அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே இறந்தவர்கள் சுமார் 70,000 பேர் என்பது பரவலான மதிப்பீடு. அவர்களைச் சொல்லாமல் இந்தக் கட்டடத்தின் கதையைச் சொல்ல முடியாது.

இடம் பறிபோனவர்களையும் சொல்ல வேண்டும். 1943இல் ஹான்ஃபோர்டு, ஒயிட் பிளஃப்ஸ் ஊர்களின் பழத்தோட்டக்காரர்களை அரசு வெளியேற்றியது, எதற்கென்று சொல்லவில்லை. வானபம் பழங்குடியினர் காலங்காலமாக மீன்பிடித்த கரையும் அவர்களுக்கு அடைபட்டது. ஹான்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியின் கூரையற்ற சுவர்கள் இன்னும் நிற்கின்றன.

1968இல் பி உலை மூடப்பட்டது. 2008இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. 2015இல், அணுகுண்டை உருவாக்கிய மன்ஹாட்டன் திட்டத்தின் நினைவான தேசியப் பூங்காவில் சேர்ந்தது. புளூட்டோனியத் தயாரிப்பின் மிச்சமோ சற்றுத் தொலைவில் 177 நிலத்தடித் தொட்டிகளில் கிடக்கிறது: சுமார் 21 கோடி லிட்டர் கதிரியக்கக் கழிவு. சில தொட்டிகள் மண்ணுக்குள் கசிந்துவிட்டன. 1989இல் தொடங்கிய துப்புரவு இன்னும் முடியவில்லை.