பொருளோடு கற்போம்

காரைக்குடி வட்டாரத்தில் நம் பிள்ளைகள் மூன்று எழுத்துகளோடு வளர்கின்றனர். வீட்டில் தமிழ், மதரஸாவில் அரபி, பள்ளியில் ஆங்கிலம். திருமறையைப் பொருள் அறியுமுன்பே ஓதுகின்றனர், அவ்வோதலுக்கு நன்மையுண்டு. ஆங்கிலத்தையும் அவ்வாறே ஓதினால் யாது பயன்? பாடத்தைக் கடகடவென ஒப்பித்த நம் வீட்டுப் பிள்ளையிடம் கருத்தைக் கேட்டோம், திருதிருவென விழித்தது.

1968-இல் தமிழகம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், தொடக்க வகுப்புகளில் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றையும் ஆடல் பாடலோடு கற்பிக்க முனைந்தது. நன்றே. ஆயினும் தேர்வுக்கு மனப்பாடமே போதுமென்றிருந்தால் எக்கொள்கையும் ஏட்டோடு நின்றுவிடும்.

வளைகுடா செல்வோர் ஒப்பமிடும் வேலை ஒப்பந்தம் பெரும்பாலும் அரபியிலும் ஆங்கிலத்திலுமே இருக்கும். இரண்டையும் எழுத்துக்கூட்டத் தெரிந்து, இரண்டின் பொருளும் அறியாது ஒப்பமிடுவது எத்துணை ஆபத்து!

நம் முன்னோர் அரபுத்தமிழ் கண்டனர். எழுத்து அரபி, மொழி தமிழ். புதிய எழுத்துக்குத் தாய்மொழியே பொருள் தந்தது. ஆங்கிலத்துக்கும் அதுவே வழி. பிள்ளை முதலில் கதையைத் தமிழில் சொல்லட்டும். பின்னர் இரண்டு வரியேனும் தன் சொந்த ஆங்கிலத்தில் எழுதட்டும். பிழை இருக்கட்டும், பொருள் இருந்தால் போதும். ஆசிரியரிடம் இதனைக் கேட்டுப் பெறுவது பெற்றோராகிய நம் கடமையன்றோ?