இடுப்பு உயரத்தில் செத்தை

ஃபீனிக்ஸுக்குக் கிழக்கே, சூப்பர்ஸ்டிஷன் மலை ஜன்னல்லயே தெரியுற வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நியூஜெர்சியில இருந்த ஏழு வருஷத்துல மண் ரோட்டைக் கண்ணால பார்த்ததில்லை. இங்க இருபது நிமிஷம் போனா தார் ரோடு முடிஞ்சு டாண்ட்டோ தேசியக் காடு ஆரம்பிச்சிடும். காடுன்னதும் நம்ம முதுமலை மாதிரி நினைச்சுடாதீங்க. கள்ளி, கல்லு, மணல். அவ்வளவுதான்.

வந்த மூணாவது மாசமே பழைய ஜீப் ஒண்ணு வாங்கிட்டேன். தங்கமணி இதுவரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. அதான் பயமா இருக்கு :-) சனிக்கிழமையானா கிளம்பிடுவேன். மணல்ல இறங்குறதுக்கு முன்னாடி டயர் காத்தை 35ல இருந்து 20க்கு இறக்கணும், ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணியாவது வெச்சுக்கணும், எந்தப் பாதைன்னு வீட்டுல சொல்லிட்டுப் போகணும்னு ஒவ்வொண்ணாக் கத்துக்கிட்டேன். நமக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு ஒரு நினைப்பும் கூடவே வந்துடுச்சு.

போன ஆகஸ்ட்ல அப்பா வந்திருந்தார். ஊர் கமுதிப் பக்கம். 42 டிகிரி வெயில்னு நாங்க பதறினா, "இதென்ன, சித்திரையில நம்மூர் மாதிரிதானே"ன்னுட்டார். ஒருநாள் காலையில அவரை ஏத்திக்கிட்டு மலைப் பக்கம் ஒரு மண் பாதையில போனேன்.

கை விரிச்சு நிக்கிற சவாரோ கள்ளியைக் காட்டி, "இது பத்து வயசுல ரெண்டு அங்குலம்கூட இருக்காதுப்பா. கை முளைக்கவே அறுபது, எழுபது வருஷம் ஆகும்"னு என் அறிவைக் காட்டினேன். "அப்ப எனக்கு அண்ணன்"னு சொல்லிட்டு, பக்கத்துல இருந்த முள் மரத்துகிட்ட போயிட்டார். "ஏன்டா, நம்ம சீமைக்கருவேலம் இங்க எங்க வந்துச்சு?" அது மெஸ்கீட். நம்மூர் கருவேலத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி. நம்மூர்ல இருக்கறதே அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்ததுதான்னு சொன்னதும் அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "எங்க வயலைக் கெடுத்தவன் சொந்த ஊரு இதுதானா!"

வழியில அகலமா ஒரு மணல் ஓடை. ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. ஜீப்பை இறக்கி ஏத்தினேன். அப்பா மட்டும் திரும்பிப் பார்த்துட்டே வந்தார். "மரத்துல இடுப்பு உயரத்துக்குச் செத்தை தொங்குது பாத்தியா?"ன்னார். "காத்துல மாட்டியிருக்கும்பா"ன்னேன்.

சாயங்காலம் நாலு மணி வாக்குல திரும்பி வரும்போது அதே ஓடை. அதே மணல். தலைக்கு மேல நீல வானம். தூரத்துல மலை உச்சியில மட்டும் கறுப்பா ஒரு மேகம். இறங்கப் போனேன்.

"தம்பி, நில்லு."

"ஏம்ப்பா? காஞ்சுதானே கிடக்கு?"

"நில்லுன்னா நில்லு. மண்வாசனை வருது."

எனக்கு எரிச்சல். ஏழு மணிக்கு ஆபீஸ் கால் வேற இருந்துச்சு. "இது குண்டாறு இல்லப்பா, அரிசோனா"ன்னு வெடுக்குன்னு சொல்லிட்டேன். அவர் பதில் சொல்லலை. கதவைத் திறந்து இறங்கி, வண்டிக்கு முன்னாடி போய் நின்னுட்டார்.

பத்து நிமிஷம் இருக்கும். லாரி வர்ற மாதிரி ஒரு சத்தம். முதல்ல நுரையும் குச்சியும் சருகுமா ஒரு வரிசை நகர்ந்து வந்துச்சு. அதுக்குப் பின்னாடி செங்காவித் தண்ணி. கொஞ்ச நேரத்துல அந்த மெஸ்கீட் மரத்துல இடுப்பு உயரம். ஒரு பெரிய மரக்கட்டை புரண்டு போறதைப் பார்த்தேன். என் கை நடுங்கிச்சு.

இந்த மலைகள்ல 2019ல உட்பரி தீ எரிஞ்சுது. எரிஞ்ச மண்ணு தண்ணியைச் சரியா உறிஞ்சாது, அப்படியே வழிய விட்டுடும். அதே வருஷம் வந்த வெள்ளத்துல, ரூஸ்வெல்ட் அணை கட்டறதுக்காக 1900களின் தொடக்கத்துல போட்ட அப்பாச்சி டிரெயில் அரிச்சுப் போச்சு. மூடின பகுதியை 2024லதான் மறுபடி திறந்தாங்க, அதுவும் உயரமான நாலு சக்கர இழுவை வண்டிகளுக்கு மட்டும். இதெல்லாம் நான் முன்னாடியே படிச்சதுதான். தடுப்பு வெச்ச வெள்ளப் பாதையில வண்டியை விட்டு மாட்டிக்கிட்டா, காப்பாத்துற செலவை நம்ம தலையிலயே கட்ட இங்க 1995ல இருந்து ஒரு சட்டம் இருக்கு. அதுக்குப் பேரே 'முட்டாள் ஓட்டுநர் சட்டம்'. எங்க ஓடையில தடுப்பு எதுவும் இல்லை. அப்பாதான் தடுப்பு.

தண்ணி வடிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஆபீஸ் காலும் போச்சு. மிச்சம் இருந்த புளிசாதத்தைப் பிரிச்சு, பாதியை என் பக்கம் தள்ளினார். "மன்னிச்சுடுங்கப்பா"ன்னு சொல்ல வாய் வரலை. அவரும் சொல்லிக்காட்டலை. "மேல மதுரைப் பக்கம் பெஞ்சா, நமக்கு வெயிலடிக்கும்போதே குண்டாத்துல தண்ணி வரும். சின்ன வயசுல ஒரு சோடி மாட்டை அப்படித்தான் விட்டோம்." அவ்வளவுதான் சொன்னார். அந்த மாட்டுக் கதையை அன்னிக்குத்தான் முதல் தடவை கேக்கிறேன்.

அப்பா ஊருக்குப் போயிட்டார். சனிக்கிழமை நான் இன்னும் கிளம்பறேன். ஓடை வந்தா வண்டியை நிறுத்தி, ஜிபிஎஸ்ஸைப் பார்க்கிறதுக்கு முன்னாடி மரத்துல செத்தை எவ்வளவு உயரத்துல தொங்குதுன்னு பார்க்கிறேன். அப்புறம் மலை உச்சியை. அப்புறம்தான் இறங்குவேன்.

ஞாயித்துக்கிழமை போன்ல அப்பா கேக்கிற முதல் கேள்வி: "அங்க மேல மழை உண்டா?"