ஆவடி என்னும் அரிச்சுவடி

பிரயாணக் கட்டுரை என்றதும் காசிக்கோ காஷ்மீரத்துக்கோ அழைத்துப் போகப்போகிறேன் என்று எண்ணிப் பெட்டியைக் கட்டிவிடாதீர்கள்! நாம் போகப்போவது பட்டாபிராமிலிருந்து அம்பத்தூர் வரை ரயிலில். பிறகு ஆவடி வழியாகப் பூந்தமல்லி வரை ஸ்கூட்டரில். சென்னைக்கு மேற்கே குடியிருப்பவர்கள் தினமும் போய் வருகிற பாதைதான். ஒரு காலைப் பொழுதுக்குள் முடிந்துவிடும். ஆனால் எனக்கும் என் தம்பி மனைவிக்கும் அது முடிய நாலு மாதம் ஆயிற்று.

"வண்டி வழியில் நின்றுவிட்டதோ?" என்று கேட்பீர்கள். வண்டி நிற்கவில்லை. நாங்கள்தான் ஒவ்வொரு பலகையின் முன்னாலும் நின்று, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போனோம்.

சமாசாரம் இதுதான். என் தம்பி ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்தான். அங்கேயே ஒரு பெண்ணை விரும்பிக் கல்யாணமும் செய்துகொண்டான். 2021 அக்டோபரில் ஜபல்பூர்த் தொழிற்சாலையும் நம் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. தலைமை அலுவலகம் ஆவடி. பிற்பாடு தம்பிக்கும் ஆவடிக்கு மாற்றல் கிடைத்தது. பட்டாபிராமில் வீடு பார்த்துக் குடிவந்தார்கள். நர்மதைக் கரைப் பெண் எங்கள் வீட்டு மருமகளாகத் தமிழ்நாட்டில் வந்து இறங்கினாள்.

கெட்டிக்காரி. ஒரு வருஷத்தில் காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்குத் தமிழ் பேசிவிட்டாள். படிக்க மட்டும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் படித்தது முழுக்க ஹிந்தி. ஆங்கிலமும் தட்டுத் தடுமாறித்தான்.

ஒரு மழை இரவு. தம்பிக்கு இரவு ஷிப்ட். குழந்தைக்கு அனலாய்க் காய்ச்சல். வாசலில் ஸ்கூட்டர் நிற்கிறது. ஓட்ட ஆள் இல்லை. ஆட்டோக்காரருக்குப் போன் செய்தால், தெரிந்த தமிழும் பதற்றத்தில் மறந்துபோய்விட்டது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து டாக்டரிடம் அழைத்துப் போனார். காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. ஆனால் அவள் என்னிடம் சொன்னது இன்னும் என் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை.

"அண்ணி, ஜபல்பூர்ல நான் காலேஜுக்கு சைக்கிள்ல தனியாப் போனவ. இங்கே வாசல்ல வண்டியை வச்சுக்கிட்டு அழுதுட்டு நின்னேன்."

லைசென்ஸ் வாங்கிவிடுவது என்று அன்றே முடிவாயிற்று. முதலில் எல்.எல்.ஆர். எடுக்க வேண்டும். அதற்குக் கணினி முன் உட்கார்ந்து ஒரு சின்னப் பரீட்சை. சாலை விதிகளும் குறிகளும், விபத்து நேர்ந்தால் ஓட்டுகிறவரின் கடமை, ஆளில்லாத ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, கையோடு வைத்திருக்க வேண்டிய பத்திரங்கள்—இந்த நாலு விஷயங்களில்தான் கேள்விகள். நூற்றுக்கு அறுபது சரியாக இருந்தால் போதும். ஆளில்லாத கேட் எதுவும் 2019 ஜனவரிக்குப் பிறகு நம் அகலப் பாதைகளில் கிடையாது. இருந்தாலும் கேள்வி என்னவோ உண்டு! "வண்டியை நிறுத்தி, இறங்கிப் பார்த்து, ரயில் வரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு கடக்க வேண்டும்" என்பது விடை.

இந்தப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். "தமிழ்தான் பேசுகிறாளே!" என்று தம்பி தமிழைத் தேர்ந்தான். படிக்கத் தெரியாதவள் எப்படி எழுதுவது? அதற்கு அவன் ஒரு யுக்தி செய்தான். கேள்வி பதில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "இந்த மாதிரிச் சுழி போட்ட கேள்வி வந்தால் இரண்டாவது விடை, கொம்பு போட்டது வந்தால் மூன்றாவது" என்று படம் படமாக மனப்பாடம் செய்ய வைத்தான். நானும் அதைக் கேட்டுச் சிரித்தேனே தவிர, தடுக்கவில்லை.

பரீட்சையில் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டுமா? கணினி விடைகளை வேறு வரிசையில் காட்டியது. 'எங்கே முந்தலாம்?' என்பதும் 'எங்கே முந்தக் கூடாது?' என்பதும் அவள் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. தேறவில்லை. வெளியே வந்தவள் முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. தப்பு அவளுடையதா என்ன?

"விடுங்கள், ஒரு தரகரைப் பிடித்துப் பார்க்கலாம்" என்றான் தம்பி.

"வேண்டாம்" என்றாள் அவள். "பள்ளிக்கூட நோட்டீஸ், பஸ் போர்டு எல்லாம் தமிழ்லதானே இருக்கு? அதுக்கெல்லாம் தரகரா வருவார்? அண்ணி, எனக்கு 'கூடாது' எப்படி எழுதறதுன்னு சொல்லிக் கொடுங்க."

வாசகிகளே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புகுந்த வீட்டில் ஒரு பெண் முதலில் கற்றுக்கொள்ளும் வார்த்தை எது? 'அங்கே போகக் கூடாது', 'இப்படிப் பேசக் கூடாது'—அந்தக் 'கூடாது'வைக் காதால் கேட்டு அவள் நன்றாகவே கற்றிருந்தாள். எங்கள் புண்ணியம்! எழுத்தில்தான் தெரியவில்லை. அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக நாத்தனாராகிய நானே வாத்தியாரம்மா ஆனேன்.

ஞாயிறுதோறும் அவள் குழந்தையுடன் மின்சார ரயிலில் அம்பத்தூருக்கு, என் வீட்டுக்கு வருவாள். பட்டாபிராம், இந்துக் கல்லூரி, ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர் என்று ஆறு பெயர்ப் பலகைகள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியது இந்த வழியாகத்தான். ஸ்டேஷன் பலகைகளை நீங்களும் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். ஒரே பெயர் தமிழிலும் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். நமக்கு அது வெறும் பலகை. அவளுக்கோ ஹிந்தியைப் பார்த்துத் தமிழைக் கண்டுபிடிக்கும் அரிச்சுவடி!

முதல் பாடம் 'ஆவடி'. மூன்றே எழுத்து, ஒரு வாரத்தில் மனத்தில் பதிந்துவிட்டது. 'பட்டாபிராம்' வந்ததும் தகராறு. "அண்ணி, முதல் எழுத்தும் ப, நாலாவதும் பி. ஒண்ணைப் பலமாச் சொல்றீங்க, ஒண்ணை மெதுவாச் சொல்றீங்க. எங்க ஊர்ல இதுக்கு ரெண்டு எழுத்து இருக்கே!" என்றாள். பிறந்ததிலிருந்து தமிழ் படிக்கிற எனக்கு அது அன்றுதான் உறைத்தது. 'அம்பத்தூரி'ல் ம் பக்கத்தில் இருப்பதால் ப மெல்ல ஒலிக்கிறது என்று நானே யோசித்துச் சொன்னேன். 'அண்ணனூரி'ல் இரண்டு விதமான ன வந்தது அவளுக்குக் கஷ்டமாகவே இல்லை. ஹிந்தியிலும் இரண்டு உண்டாம். 'திருமுல்லைவாயில்' மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிவிட்டது.

அந்த ஊரைப் படித்து முடித்த சந்தோஷத்தில் மாசிலாமணீசுவரர் கோவிலுக்குப் போனோம். தொண்டைமான் ஏறிவந்த யானையின் காலை முல்லைக் கொடி சுற்றிக்கொண்டதாம். அவன் வாளால் கொடியை வெட்ட, உள்ளே மறைந்திருந்த லிங்கத்தின் மேல் வெட்டுப்பட்டது என்பது தல வரலாறு. மன்னனுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்டதால் இங்கே நந்தி சுவாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து இருக்கிறார். கதையைச் சொன்னேன். "நந்தியே வண்டியைத் திருப்பி ரெடியா நிறுத்தியிருக்கார். நான்தான் இன்னும் கிளம்பலை!" என்று சிரித்தாள்.

ஸ்டேஷன் பலகை முடிந்ததும் சாலைப் பலகை. இதில் கைபிடித்து அழைத்துப் போக ஹிந்தி கிடையாது. நான் ஓட்ட, அவள் பின்னால். இருவர் தலையிலும் ஹெல்மெட். அவள் படித்துக் காட்டுவது என் காதில் விழாது. ஆகையால் பலகைக்குப் பலகை ஓரமாக நிறுத்துவேன். 'வேகத்தடை', 'ஒருவழிப் பாதை', 'பள்ளி அருகில் மெதுவாகச் செல்லவும்' என்று சாலை நெடுகப் பாடம். குறிகளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தேன். வட்டத்தில் இருப்பது கட்டளை; சிவப்பு ஓரமிட்ட முக்கோணம் எச்சரிக்கை; நீலச் செவ்வகம் தகவல். சாலைக் குறிகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டுப் பிரயாணிகளைத் திண்டாட வைக்கக் கூடாது என்று 1968இல் வியன்னாவில் ஓர் உடன்படிக்கையே செய்திருக்கிறார்கள். முக்கோணத்துக்கு மொழி தேவையில்லை அல்லவா?

வழியில் ஆவடி. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை இங்கே கூடித்தான் சமதர்மப் பாணியில் சமுதாயம் அமைப்பது என்று தீர்மானித்தது. 1965இல் 'விஜயந்தா' டாங்கி உருண்டு வெளிவந்ததும் இதே ஆவடியில்தான். எத்தனை டன் கனமுள்ள டாங்கியையும் ஓட்டிப் பழக்குகிற ஊரில், ஒரு ஸ்கூட்டருக்காக நாங்கள் பட்ட பாட்டைப் பாருங்கள்!

வீட்டிலும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "2021லிருந்து சாதாரணப் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட்டே கிடையாது. இவளுக்கு எதுக்கு வண்டியும் பரீட்சையும்?" என்றாள் அம்மா. நான் அம்மாவுக்குப் புதுக்கோட்டைக் கதையைச் சொன்னேன். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் புடவையோடு சைக்கிள் ஏறினார்கள். எழுத்தும் வண்டியும் கூடப் பிறந்தவை என்று அவர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள். அம்மா பதில் பேசவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு முதல், "குழந்தையை நான் பார்த்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றாள்.

ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு, கூவத்தைத் தாண்டினால் பூந்தமல்லி. தினமும் காஞ்சி வரதராஜருக்குப் பூ எடுத்துச் சென்ற திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். இங்கே அவளுக்கு ஒரு சோதனை காத்திருந்தது. ஒரு பலகையில் 'பூந்தமல்லி', இன்னொன்றில் 'பூவிருந்தவல்லி'. "அண்ணி, வேற ஊருக்கு வந்துட்டோமா?" என்று பதறினாள். இரண்டும் ஒன்றே என்று சொன்னதும், "ஊருக்குப் பிறந்த வீட்டுப் பேர் ஒண்ணு, புகுந்த வீட்டுப் பேர் ஒண்ணா?" என்று கேட்டாள். நான் வாயடைத்துப்போனேன்.

இரண்டாம் முறை பரீட்சைக்குப் போனபோது தம்பிக்குத்தான் நடுக்கம். "பின்னாலிருந்து ஜாடை காட்டட்டுமா?" என்றான். "நீங்க வெளியே டீ சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டாள். 'எதிரே வரும் வாகனத்துக்கு விளக்கொளியைத் தாழ்த்த வேண்டும்', 'முந்துகிறவருக்கு வழிவிட வேண்டும். வேகத்தைக் கூட்டக் கூடாது'—ஒவ்வொன்றையும் உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்து அழுத்தினாளாம். தேறிவிட்டாள்!

லண்டனில் வாழ்க்கைப்பட்ட என் சிநேகிதி ஒருத்திக்கு இதைப் போனில் சொன்னேன். அவள் அங்கே போன புதிதில் லைசென்ஸ் பரீட்சைக் கேள்விகளைத் தமிழ்க் குரலிலேயே கேட்டு விடை தரும் வசதி இருந்தது. 2014 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். பிறகு ஆங்கிலமும் வெல்ஷ் மொழியும்தான். அதற்கப்புறம் அங்கே போன நம் பெண்கள், இந்த ஜபல்பூர்ப் பெண்ணைப் போலத்தானே அந்நிய எழுத்தின் முன் திகைத்து உட்கார்ந்திருப்பார்கள்? அவர்களுக்கும் யாரோ ஒரு நாத்தனார் எழுத்துக் காட்டியிருக்க வேண்டும்.

எல்.எல்.ஆர். கிடைத்தாலும் முப்பது நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்ட முடியும். சிவப்பில் 'எல்' எழுதிய அட்டையைக் கட்டிக்கொண்டு, நான் பின்னால் உட்கார, அவள் பழகினாள். கால் தரையில் படாமல் எட்டுப் போட வேண்டும். பழைய தமிழ் எண்களில் எட்டை 'அ' போலவே எழுதுவார்கள் என்று சொன்னேன். "அப்போ முதல் பாடத்தை இன்னொரு தடவை எழுதணும், அவ்வளவுதானே?" என்று தைரியமாகப் போனாள். மைதானத்தில் நிதானமாகச் சுற்றி வந்து நிறுத்தினாள். லைசென்ஸ் வந்தது. இந்தியா முழுவதும் செல்லும்; ஜபல்பூரிலும்தான்.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ வேற்று ஊர்ப் பெண் ஒருத்தி வந்திருந்தால், அவளுக்காக நீங்கள் ஓடி ஓடி எல்லாம் செய்து கொடுப்பது நல்ல குணம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி நாலு பலகைகளைப் படித்துக் காட்டினால், உங்களைக் கேட்காமலே அவள் நாலு இடம் போய் வருவாள்.

போன வாரம் பூந்தமல்லிக்கு இருவரும் தனித்தனி வண்டியில் போனோம். பூ வாங்கும் அவசரத்தில் ஒரு கடை வாசலில் என் வண்டியை நிறுத்திவிட்டேன். அவள் தன் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு வந்து, சுவரில் இருந்த பலகையை விரலால் சுட்டிக்காட்டி, எழுத்து எழுத்தாக எனக்குப் படித்துக் காட்டினாள்.

"அண்ணி, இங்கே வா-க-னங்-களை நிறுத்தக்... கூ-டா-து!"

மறு வார்த்தை பேசாமல் வண்டியை எடுத்தேன்.