காலணா ரயில்

எனக்கு நினைவு தெரிந்த நாளில் மன்னார்குடிக்கு ரயில் கிடையாது. ரயில் மேடு மட்டும் இருந்தது. நீடாமங்கலம் போகும் திசையில் வயல்களுக்கு நடுவே நீண்டு கிடந்த ஒரு கரை. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். அங்கங்கே கருங்கல் ஜல்லி மிஞ்சியிருந்தது. எருக்கும் கருவேலமும் மண்டிக் கிடந்தன. விடுமுறை நாட்களில் ஒருவர் சட்டையை மற்றவர் பிடித்துக்கொண்டு அதன்மேல் நாங்கள் ரயில் ஓட்டுவோம். தாத்தா பார்த்துக்கொண்டே, "நம்ம ஜில்லாக்காரன் காசுல வந்த ரயிலுடா அது" என்பார். முதியவர்கள் எதையும் தம்முடையது என்று சொல்லிக்கொள்வார்கள் என எண்ணி, அதை நான் பொருட்படுத்தியதில்லை.

முதுகலை படித்த காலத்தில், ஹெமிங்வே தொகுத்து 1906இல் வெளிவந்த தஞ்சாவூர் கெசட்டியரைப் புரட்டியபோதுதான் தாத்தாவின் சொல்லுக்குப் பொருள் கிடைத்தது. 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தஞ்சை ஜில்லா போர்டு, நிலத்தின் ஆண்டு மதிப்பில் ரூபாய்க்கு மூன்று தம்பிடி, அதாவது காலணா, ரயில் போடுவதற்கென்றே தனி வரியாக வசூலித்தது. அந்தப் பணத்தைக் கொண்டு மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை பாதை அமைத்தது. 1894இல் அதில் ரயில் ஓடியது. 1903க்குள் பட்டுக்கோட்டையைக் கடந்து அறந்தாங்கியை எட்டியது. ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. உடைமை ஜில்லா போர்டினுடையது. நெல் விளைத்தவனின் காலணா இரும்புப் பாதையாக மாறியிருக்கிறது! ரயில் தேவையென்று கண்ட ஊர்கள் ஒவ்வொன்றாகப் பாதைக்குள் வந்துகொண்டிருந்த அந்த நாட்களில்தான், 1915இல், நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்குக் கிளைப்பாதை வந்தது.

இதைப் பொற்காலம் என்று பாட எனக்கு விருப்பமில்லை. தொடக்கத்தில் அந்தப் போர்டின் தலைமையில் இருந்தவர் கலெக்டர். உடன் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் மிராசுதார்கள். வரப்பில் நின்று நாற்று நட்டவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வரி எங்கே போகிறது, பாதை எங்கே வருகிறது, யாரிடம் சென்று கேட்பது என்ற மூன்று வினாக்களுக்கும் விடை ஜில்லாவுக்குள்ளேயே இருந்தது.

பிறகு அந்த விடைகள் ஒவ்வொன்றாக ஊரைவிட்டுப் போயின. 1951இல் தெற்கு ரயில்வே உருவாயிற்று. 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தையடுத்து ஜில்லா போர்டுகள் மறைந்தன. 1976இல் மன்னார்குடிப் பாதை மூடப்பட்டது. வருவாய் போதாது என்ற கணக்கை எங்கோ ஒரு மேசையில் யாரோ போட்டார்கள். அந்தக் கணக்கில் ஜில்லாக்காரர்கள் என்றோ கட்டிய காலணாவுக்கு இடமில்லை.

2011 செப்டம்பரில் அகலப்பாதையில் மீண்டும் ரயில் வந்தபோது ஊரே நிலையத்தில் திரண்டது. அதைப் பார்க்கத் தாத்தா இல்லை. இன்று மன்னார்குடியில் ஏறினால் சென்னைக்குப் போகலாம், கோவைக்குப் போகலாம், ராஜஸ்தானத்து ஜோத்பூர் வரைக்கும்கூடப் போகலாம். ஆனால் என் வகுப்பில் இரண்டாமாண்டு பயிலும் ஒரு மாணவியால் மாலை ஐந்து மணிக்கு மேல் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் ஊருக்குப் போக முடியவில்லை.

அவள் ஊருக்குச் சென்றுகொண்டிருந்த மாலை நேர நகரப் பேருந்து ஒருநாள் நின்றுபோனது. அறிவிப்பு எதுவும் இல்லை. கடைசி இரண்டு பாடவேளைகளுக்கு முன்பே அவள் எழுந்து செல்லத் தொடங்கினாள். வருகைப் பதிவேட்டில் கட்டங்கள் காலியாகிக்கொண்டே வந்தன. ஒருநாள் அழைத்துக் கேட்டேன். "2021லேருந்து பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் ஃப்ரீதானேம்மா?" என்றும் அசட்டுத்தனமாகச் சொல்லி வைத்தேன். அவள் சிரித்துவிட்டு, "ஃப்ரீதான் சார். வந்தாத்தானே ஏறுறது?" என்றாள். வீட்டில் படிப்பை நிறுத்திவிடலாம் என்று பேசிக்கொள்வதாகவும் சொன்னாள்.

மனு எழுதித் தருகிறேன் என்றேன். இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்குக் கடிதம் எழுதக் கற்பிப்பவன் நான். 'பெறுநர்' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. ஊராட்சிக்கா? பேருந்து அதன் கையில் இல்லை. மாவட்ட ஊராட்சிக்கா? அதன் கையிலும் இல்லை. பணிமனைக்கா? மேலிடம் என்பார்கள். முடிவில் மாவட்ட ஆட்சியர் என்று எழுதினேன். ஒரு திங்கட்கிழமை அவளும் அவள் தாயாரும் திருவாரூர் சென்று, குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து, எண்ணிட்ட ரசீதோடு திரும்பினார்கள்.

அவள் ஊர் நிறுத்தத்தை ஒருமுறை போய்ப் பார்த்தேன். தொகுதி நிதியில் கட்டிய நிழற்குடை. நிதி தந்தவரின் பெயர் தெளிவாக இருக்கிறது. கூரையில் கம்பி தெரிகிறது. உள்ளே இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. கட்டுவதற்குப் பணம் வருகிறது. காப்பது யார் பொறுப்பு என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஊராட்சியில் கேட்டால் நெடுஞ்சாலையைக் காட்டுகிறார்கள்.

நம்மிடம் 'குடிமராமத்து' என்றொரு சொல் இருக்கிறது. குடி நம் சொல்; மராமத்து அரபு மூலத்திலிருந்து உருது வழியாக வந்து சேர்ந்தது. இரண்டும் கூடி, பயன்படுத்துவோரே பழுது பார்ப்பது என்னும் வழக்கத்துக்குப் பெயராயின. வாய்க்காலைத் தூர்வார ஆண்டுதோறும் வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். அந்த வழக்கத்தைக் கட்டாயமாக்கி 1858இல் வெள்ளையர் சட்டம் போட்டார்கள். கட்டாயமானபின் அது குடியின் மராமத்தாக எத்தனை நாள் இருந்திருக்கும் என்று தெரியவில்லை. அண்மைக்காலத்தில் அதே பெயரில் அரசுத் திட்டமும் வந்தது. சொல் பிழைத்துக்கொண்டது. அதில் குடி எங்கே நிற்கிறது என்பதுதான் என் ஐயம்.

மீண்டும் காலணா வரி போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த மாணவியின் குடும்பத்துக்குச் சொந்த நிலம் இல்லை. பழைய போர்டு அவர்களை உள்ளே விட்டிருக்காது. அவள் தாயாரும் உட்கார்ந்து பேசக்கூடிய ஓர் அவை, பேருந்தின் நேரத்தையும் நிழற்குடையின் கூரையையும் தீர்மானிக்கும் அதிகாரத்தோடும் பணத்தோடும் அருகில் இருந்தால் போதும். தாத்தா 'நம்ம' என்று சொன்னாரே, அந்தச் சொல்லுக்கு இப்போது நமக்கு உரிமை இருக்கிறதா என்பதே என் கேள்வி.

மனு 'பரிசீலனையில்' இருக்கிறது. இப்போதைக்கு அவளுடைய மாமா இருசக்கர வண்டியில் வந்து அழைத்துப் போகிறார். அறுவடை தொடங்கிவிட்டால் வர இயலாது என்று சொல்லியிருக்கிறாராம். தை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.