குதிரைக் காலுக்குள் பார்ப்பது

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் ஆசிரியர் ஒருவர் அடிக்கடி சொல்லும் சொலவடை ஒன்று: "பா த பியே, பா த ஷ்வால்." பாதம் இல்லையேல் குதிரை இல்லை. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761-இல் பிரான்சின் லியோன் நகரில் தொடங்கியது என்பதையும் அவர் பெருமையோடு சொல்வார். அந்தக் காலத்தில் மூட்டுக்குள் என்ன கோளாறு என்பதை வைத்தியர் விரலால் தடவித்தான் அறியவேண்டும். 1895-இல் ரோன்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே குதிரைக் காலையும் படம் பிடித்துவிட்டார்கள்.

இதில் எனக்கு ஈடுபாடு வந்தது நெல்லிவாசல்நாட்டில். என் மருமகன் அங்கே ஆசிரியராக இருந்தபோது ஒரு புளி பறிக்கும் பருவம் முழுக்கத் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு மட்டக்குதிரை இருந்தது. வண்டி போகாத கொல்லைகளிலிருந்து மூட்டை சுமந்து வரும். ஒருநாள் முன்னங்காலை நொண்டியது. வலிக்கிற கால் தரையில் படும்போதெல்லாம் தலையை மேலே தூக்கியது. 'சின்ன யானை' வண்டி பிடித்து, மலையிறங்கி, டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் ஒன்றும் தெரியவில்லை. "இருந்தாலும் பதினைந்து நாள் சுமை ஏற்றாதீர்கள், பிறகு இன்னொரு படம் எடுக்கலாம்" என்றார் டாக்டர்.

"படத்துலதான் ஒண்ணுமில்லையே ஐயா, எதுக்குச் சும்மா கட்டிப் போடணும்? தீனி யாரு போடறது?" என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வியை விடாமல், கிடைத்ததையெல்லாம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தேடிப் படித்தேன்.

எக்ஸ்ரே என்பது நிழல். எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் மூன்றில் ஒரு பங்காவது குறைந்தால்தான் அந்த நிழல் மாறும். மயிரிழை விரிசலும் முதல் வாரத்தில் ஒளிந்துகொள்ளும். விளிம்பு கரைந்து அகலமாகும்போதுதான், அதாவது இரண்டு மூன்று வாரம் கழித்து, கண்ணுக்குப் படும். அல்ட்ராசவுண்டு நரம்பு நாண்களையும் எலும்பின் மேற்பரப்பையும் நன்றாகக் காட்டும். எலும்புக்குள் அது நுழையாது. சி.டி. எலும்பை மெல்லிய வில்லைகளாக வெட்டிக் காட்டுகிறது. எம்.ஆர்.ஐ. இன்னும் நுட்பம்: விரிசல் விழுமுன்னே எலும்புக்குள் நீர் கோத்திருப்பதைக்கூடச் சொல்லிவிடும். ஆனால் குதிரை அசையாமல் நிற்கவேண்டும், அல்லது மயக்க மருந்து வேண்டும். மயக்கம் தெளிந்து எழும்போது கால் ஒடிந்த குதிரைகளும் உண்டு.

எனக்குப் பிடித்தது சிண்டிகிராபி. டெக்னீசியம் என்ற கதிர்வீச்சுப் பொருளை ஊசியில் ஏற்றுகிறார்கள். எலும்பு எங்கே தன்னைப் பழுது பார்த்துக்கொள்கிறதோ அங்கே அது போய்ச் சேர்ந்து ஒளிர்கிறது. ஆறு மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். எக்ஸ்ரே எலும்பின் உருவத்தைச் சொல்கிறது, இது எலும்பின் வேலையைச் சொல்கிறது. (அதே ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கியும் இருக்கிறது. ஒரே நட்சத்திரத்தை வெவ்வேறு ஒளியில் பார்த்தால் வெவ்வேறு செய்தி கிடைக்கும் என்று அங்கே விளக்கியது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.)

2021 முதல் மெல்போர்ன் கோப்பையில் ஓடும் குதிரைகளுக்குப் பந்தயத்துக்கு முன்பே சி.டி. எடுக்கிறார்கள். கோடிகள் புரளும் இடம், எடுக்கலாம். புளி மூட்டை சுமக்கும் குதிரைக்கு யார் எடுப்பார்கள்? அதனால், என் கணக்கில், மலைக்கு ஏற்ற முறை டாக்டர் சொன்னதுதான்: கை, எக்ஸ்ரே, பொறுமை, மறுபடி எக்ஸ்ரே.

பக்கத்து வீட்டுக்காரரைத் தடுத்தது நானல்ல, அவருடைய அம்மா. குளம்புக்கு மேலே கையை வைத்துப் பார்த்து, மற்ற காலையும் தொட்டுப் பார்த்து, "இதுல சூடு இருக்குடா, பாரம் ஏத்தாதே" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

பதினாறாம் நாள் எடுத்த படத்தில் மூட்டிலிருந்து கீழ்நோக்கி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இறங்கியிருந்தது. எலும்பு விலகவில்லை. சுமையோடு சரிவில் இறங்கியிருந்தால் இரண்டாகப் பிளந்திருக்கும் என்றார் டாக்டர். கட்டுப் போட்டு, மூன்று மாதம் கொட்டிலை விட்டு இறக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். அந்தப் பருவத்துப் புளி முழுவதையும் அவரும் அவர் மனைவியும் தலைச்சுமையாகவே இறக்கினார்கள்.